மூளை ஆய்வகத்தின் அலுவலக அறை

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற கரு மூளை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 5,132 மூளைச் சீவல்களின் படங்களை இன்று எந்த நாட்டு ஆய்வாளரும் இலவசமாகப் பார்க்கலாம். விஞ்ஞானிகளைப் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். அலுவலக அறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இத்தகைய ஆய்வில் ஒரு மூளை கண்ணாடித் தகட்டுக்கு வந்து சேருவதற்குள் பல மேசைகளைக் கடக்கிறது. குடும்பத்தாரின் ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, மருத்துவமனையோடு ஒப்பந்தம், வெளிநாட்டுக் குழு சேர்ந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வழியாகச் சுகாதார அமைச்சகக் குழுவின் ஒப்புதல், கருவிகளுக்கு டெண்டர், சுங்க விடுவிப்பு, நிதியாண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னது தாமதமானால் அடுத்த தவணைப் பணம் வராது.

இந்த மேசைகளுக்குப் பல வேலை பார்த்து வந்தவர்தான் பொருத்தமானவர் என்பது என் கட்சி. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட்டிடம் இருந்தவருக்கு, குளிரில் வைக்க வேண்டிய வேதிப்பொருள் கிடங்கில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் என்னாகும் என்று தெரியும். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவருக்கு, துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் எப்போது கையெழுத்துக் கேட்கக் கூடாது என்று தெரியும். கல்லூரிக் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவர் தணிக்கை ஆட்சேபணையைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். இந்த மூன்றையும் ஒருவரே கடந்து வந்திருந்தால் நேர்முகத் தேர்வில் என்ன கேட்கிறார்கள்? “ஏன் எங்கேயும் நிலையாக இல்லை?” ‘இதே நிலைப் பதவியில் இத்தனை ஆண்டு’ என்று கேட்கும் விளம்பரத்தில் அவருடைய அனுபவம் பாதி செல்லாக் காசாகிவிடுகிறது.

2025 ஜூனில் ஒன்றிய அரசு அறிவியல் நிறுவனங்களின் கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயானது. 200 கோடி வரையிலான உலகளாவிய டெண்டருக்கு இயக்குநரே ஒப்புதல் தரலாம். நல்ல மாற்றம். ஆனால் அதிகாரம் இயக்குநருக்கு வந்தாலும் கோப்பைத் தயாரிப்பது இன்னொருவர். அவர் ஒப்பந்த ஊழியராக இருந்தால், திட்டம் முடியும்போது அவரும் போய்விடுவார். புதிதாக வருபவர் விதி தெரியாத பயத்தில் மூன்று விலைப்புள்ளி கேட்டுக்கொண்டிருப்பார். (தளர்த்திய விதியைவிடப் பழைய பயத்துக்கு ஆயுள் அதிகம்.)

ஆராய்ச்சி மேலாண்மையைத் தனித் தொழிலாக வளர்க்க, ஆய்வுக்கு நிதி வழங்கும் இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகள் முயன்றிருக்கின்றன. ஆனால் உதவியாளராக நுழைந்து கண்காணிப்பாளராக உயர்ந்தவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பல ஆய்வு மானியங்களில் நிறுவனத்துக்கென்று மேல்செலவுத் தொகை ஒதுக்கப்படுகிறது. அலுவலகத்தின் உழைப்பும் அந்தக் கணக்கில்தான் வரும். அதில் எத்தனை ரூபாய் நிரந்தர அலுவலகப் பணியிடங்களுக்குப் போகிறது என்பதை நிறுவனங்கள் முதலில் வெளியிடட்டும்.