சூடாகாத டிரையரும் சாவா மூவாப் பேராடும்

கொஞ்சம் நீளமான பதிவு. அன்னதானக் கூடத்துல ஒரு நாளாவது சாப்பிட்டவங்க, உபயம் கொடுத்தவங்க, கொடுக்கணும்னு நினைக்கிறவங்க எல்லாரும் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

கோயில் பின்கட்டுல இருக்கிற துணி டிரையர் பத்தி வாட்சாப் குழுவுல மூணு நாளா பேச்சு ஓடுது. மெஷின் ஓடுது, டிரம் சுத்துது, சத்தமும் வழக்கம் போல வருது. ஆனா ஒரு மணி நேரம் கழிச்சுக் கதவைத் திறந்தா துணி போட்ட மாதிரியே ஈரமா, சில்லுனு இருக்கு. சூடே வரல. இதுக்குக் குழுவுல வந்த யோசனை மூணு. ஒண்ணு, "பழசைத் தூக்கிப் போடுங்க, புதுசு என் உபயம்". இரண்டு, "உள்ள ஏதோ ஃபியூஸ்தான் போயிருக்கும், ஒயரை நேரா இணைச்சுட்டா சூடாகிடும்". மூணு, "இனிமே எல்லாத்தையும் டோபிக்கு அனுப்பிடுங்க".

புதுசு தரேன்னு சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. அந்த மனசு எல்லாருக்கும் வராது. ஆனா என் கருத்து இதுதான்: இந்த மெஷினைப் பழுது பார்க்கணும். எதனால கெட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கணும். அது தெரியாம புதுசு வாங்கினா அதே இடத்துல, அதே காரணத்தால, அதுவும் கெடும். ரெண்டாவது யோசனையை மட்டும் தயவு செஞ்சு யாரும் கையில எடுக்காதீங்க. அது ஆபத்து. காரணத்தைக் கீழே சொல்றேன்.

ஒரு டிரையருக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னு சிலர் கேட்கலாம். சாமி வஸ்திரம் எதுவும் இந்த மெஷினுக்குப் போறதில்ல. அதைத் தனியா அலசி நிழல்லதான் உலர்த்துறோம், பட்டும் சரிகையும் அந்தச் சூட்டைத் தாங்காது. டிரையருக்குப் போறது மேசை விரிப்பு, கைத்துண்டு, சமையல்கட்டு ஏப்ரன், பாத்திரம் துடைக்கிற துணி. வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சா ரெண்டு மூணு கூடை நிறைய சேரும். நம்ம மேற்குக் கரையில அக்டோபர், நவம்பர் வந்தா மத்தியானம் வானம் இருட்டிடும், கொடியில போட்டது காயாது. அரை ஈரத்தோட மடிச்சு வெச்சா மறுநாளே பூஞ்சை வாடை. அந்தத் துணியாலதான் நாம சாப்பிடுற தட்டைத் துடைக்கணும். இதையெல்லாம் தூக்கிச் சுமக்கிறவங்க பெரும்பாலும் அறுபது வயசு தாண்டிய அக்காமாருங்க. அதனால இது சின்ன விஷயம் இல்ல.

இப்ப மெஷினுக்கு வருவோம். "ஓடுது, ஆனா சூடாகல" அப்படின்னா மெஷின் முழுசா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. உள்ள ரெண்டு தனி வேலை நடக்குது. ஒரு மோட்டார், பெல்ட் மூலமா டிரம்மைச் சுத்துது, கூடவே ஒரு ஃபேனையும் ஓட்டுது. இன்னொரு பக்கம் ஹீட்டர் காயில். கரண்ட் அந்தக் காயிலுக்குப் போற வழியில சில காவல்காரங்க வரிசையா நிக்கிறாங்க: வெப்பத்தைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட், அளவு மீறினா வெட்டிவிடுற இன்னொரு தெர்மோஸ்டாட், அதுக்கும் மேல ஒரு தெர்மல் ஃபியூஸ். இதுல ஒண்ணு அறுந்தாலும் காயிலுக்குக் கரண்ட் போகாது. பல மெஷின்கள்ல மோட்டார் மட்டும் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நமக்கு நடந்தது அதுதான்.

யூடியூப் பார்த்துட்டு "ரெண்டு பிரேக்கர்ல ஒண்ணு விழுந்திருக்கும்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். அது அமெரிக்கக் கதை. அங்க டிரையருக்கு 240 வோல்ட் ரெண்டு ஒயர் வழியா வருது. ஒரு பக்கம் போனா மீதி 120 வோல்ட்ல மோட்டார் ஓடும், ஹீட்டர் நின்னுடும். நம்ம ஊர்ல வீட்டு டிரையர் சாதாரண மூணு முள் பிளக்குல ஓடுது, ஒரே வழி. கரண்ட் இல்லேன்னா எதுவுமே ஓடாது. அதனால அந்த வீடியோ நமக்குப் பொருந்தாது.

நம்ம தொண்டூழியர்கள்ல எலெக்ட்ரிக்கல் வேலை தெரிஞ்ச ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து திறந்து பார்த்தார். முதல்ல பிளக்கைக் கழற்றினார், அப்புறம்தான் மூடியைத் தொட்டார். மல்டிமீட்டர்ல காயிலை அளந்தார். 2,000 வாட் காயில்னா நம்ம ஊர் வோல்டேஜுக்கு 26 முதல் 29 ஓம் வரைக்கும் காட்டணும். சரியா காட்டுச்சு. காயில் நல்லா இருக்கு. தெர்மல் ஃபியூஸை அளந்தார். அது அறுந்திருந்தது.

அவர் அதோட நிறுத்தல. "அக்கா, ஃபியூஸ் சும்மா போகாது, சூடு வெளியே போக வழி இல்லாததாலதான் போச்சு"ன்னு சொல்லிட்டு மெஷினை முன்னாடி இழுத்தார். பின்னாடி ஈரக்காத்து வெளியே போற குழாய், பாத்திர அலமாரியை நகர்த்தி வெச்சதுல நசுங்கி மடிஞ்சு கிடந்தது. குழாய்க்குள்ள பஞ்சுத் தூசி கெட்டியா அடைச்சிருந்தது. கதவுக்குக் கீழே இருக்கிற ஃபில்டரை எடுத்து அதுல தண்ணி ஊத்திக் காட்டினார். தண்ணி கீழே இறங்காம மேலேயே நின்னுச்சு. துணிக்கு ஊத்துற வாசனை சாஃப்ட்னர் மெல்லிய படலமா வலைக்கண்ணை மூடியிருக்கு. மேலாகப் பஞ்சை எடுத்துட்டா சுத்தம்னு தோணும், காத்து மட்டும் போகாது. பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு மெல்லத் தேய்ச்சதும் தண்ணி சரசரன்னு இறங்குச்சு.

அதனால அந்த ஃபியூஸ் மேல கோபப்படாதீங்க. காத்து அடைச்சு உள்ள சூடு ஏறினப்ப, பஞ்சு பத்திக்கறதுக்கு முன்னாடி தன்னை அறுத்துக்கிட்டு நம்ம பின்கட்டைக் காப்பாத்தினது அதுதான். இப்பப் புரியும், "ஒயரை நேரா இணைச்சிடலாம்"ங்கிற யோசனையை ஏன் வேண்டாம்னேன். அப்படி இணைச்சா சூடு வரும், உண்மைதான். ஆனா அடுத்த முறை சூடு மீறும்போது நிறுத்த அங்க யாரும் இருக்க மாட்டாங்க. பக்கத்துலதான் சமையல்கட்டு, கேஸ் தோம்பு. சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்க உட்கார்ந்து சாப்பிடுறாங்க.

இதை விடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. கோயில்னாலே எண்ணெய். விளக்கு துடைச்ச துணி, விளக்கு மேடை துடைச்ச துணி, வடை பொரிச்ச சட்டிக்குக் கீழே போட்ட துணி. இதெல்லாம் அலசின பிறகும் எண்ணெய் முழுசா போகாது. நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் போன்றவை காத்தோட சேரும்போது தானாவே சூட்டை உண்டாக்கும். டிரையர் சூட்டுல அது வேகமாகும். அந்தத் துணியைச் சூடோட எடுத்துக் கூடையில அமுக்கிக் குவிச்சு வெச்சா, உள்ள இருக்கிற சூடு வெளியே போக முடியாம ஏறிக்கிட்டே போய், சில மணி நேரம் கழிச்சு யாரும் இல்லாத நேரத்துல தானா தீப்பிடிக்கலாம். நெருப்பு வைக்க யாரும் வேண்டியதில்ல. டிரையரோட வர்ற கையேட்டுலயே எண்ணெய் பட்ட துணி பத்தி எச்சரிக்கை இருக்கும், நாம அந்தப் பக்கத்தைப் படிக்கிறதே இல்ல. கடைசிப் பத்து நிமிஷம் மெஷின் சூடில்லாம ஓடுறதும் துணியை ஆற வைக்கத்தான். அவசரத்துல பாதியில நிறுத்தினா துணியை உடனே எடுத்து உதறி விரிச்சுப் போடணும்.

சரி, செலவு எவ்வளவு? ஃபியூஸும், அதோட சேர்த்து மாத்தச் சொன்ன தெர்மோஸ்டாட்டும், புதுக் குழாயும் சேர்த்து 95 வெள்ளி. தம்பி கூலி வாங்கல. புது மெஷின்னா 1,400 வெள்ளிக்கு மேல. ஒருத்தர் கேட்டார், "சும்மா வர்றதுதானே, வாங்கிக்கிட்டா என்ன?" நியாயமான கேள்விதான். ஆனா புது மெஷினையும் அதே அலமாரிக்குப் பின்னாடிதான் வைப்போம், அதே நசுங்கின குழாயிலதான் மாட்டுவோம். அதே மாதிரி ஃபில்டரை யார் கழுவணும்னு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டோம். இன்னொரு விஷயம். இப்ப இருக்கிற மெஷின், ஒரு மகன் தன் தாயார் நினைவா கொடுத்தது. 95 வெள்ளிச் செலவுக்குப் பயந்து அதைக் குப்பைக்கு அனுப்பினா அந்தக் குடும்பத்து முகத்துல நாம எப்படி விழிப்போம்?

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். நம்ம ஆளுங்க பொருள் கொடுக்கத் தயங்குறதே இல்ல. ஃபேன், டியூப் லைட், சில்வர் அண்டா, ஃபிரிட்ஜ், எல்லாத்துலயும் உபயதாரர் பேரு இருக்கு. டியூப் லைட்டுல வெளிச்சத்தை விட எழுத்து அதிகம்னு கிண்டல் பண்றவங்களும் உண்டு. நான் கிண்டல் பண்ணல. பேரு போடுறதுல தப்பில்ல. ஆனா அந்த ஃபேனுக்கு வருஷத்துக்கு ஒரு முறை தூசி தட்ட, ஃபிரிட்ஜுக்கு ரப்பர் மாத்த, டிரையருக்குக் குழாய் சுத்தம் பண்ண யாரும் உபயம் எழுதுறதில்ல. கேட்டா, "அதுல என்ன பேரு இருக்கு?"

நம்ம முன்னோர் அப்படி நினைக்கல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்க. ராஜராஜ சோழன் கட்டின தஞ்சைப் பெரிய கோயில்ல ஒரு நுந்தா விளக்கு எரியணும்னா விளக்கை மட்டும் கொடுத்துட்டுப் போகல. ஒரு விளக்குக்கு 96 ஆடு கொடுத்தாங்க. அந்த ஆடுகளை ஒரு இடையர் பொறுப்புல விட்டு, அவர் தினமும் ஒரு உழக்கு நெய் அளந்து கொடுக்கணும்னு எழுதி வெச்சாங்க. ஆடு சாகும், கிழடாகும், ஆனா குட்டி போட்டு எண்ணிக்கை குறையாம இருக்கணும். அதுக்குப் பேரே சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. விளக்கு கொடுக்கிறது பாதி தானம், அது நாளைக்கும் எரிய வழி பண்றது மீதி தானம். ரெண்டையும் சேர்த்துத்தான் கல்லுல வெட்டினாங்க. கோயிலையே பாருங்க, 12 வருஷத்துக்கு ஒரு முறை திருப்பணி பண்ணிக் கும்பாபிஷேகம் செய்றோம். பழசாயிடுச்சு, இடிச்சுட்டு வேற கட்டலாம்னு யாரும் சொல்றதில்ல.

எந்தப் பழசையும் விடாமப் பிடிச்சுக்கணும்னு நான் சொல்லல. டிரம் தாங்கி தேஞ்சு போய், உடம்பு துருப்பிடிச்சு, போர்டு கிடைக்காத நிலைமைன்னா புதுசுதான் நல்லது. ஹீட் பம்ப் மாடல்ல இந்தக் காயிலே இருக்காது. குளிர்சாதனப் பெட்டி மாதிரி கேஸ் வெச்சு வேலை செய்றது. அதுல கேஸ் கசிஞ்சா செலவு எக்கச்சக்கம். ஆனா 95 வெள்ளியில முடியுற வேலைக்கு ஒரு நல்ல மெஷினைத் தூக்கிப் போடுறது பக்தி இல்ல, விரயம்.

அதனால நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள்:

1. ஒவ்வொரு தடவையும் டிரையர் போட்டு முடிஞ்சதும் பஞ்சை எடுக்கணும். மாசம் ஒரு முறை ஃபில்டரைச் சோப்பு போட்டுக் கழுவி, முழுசா காய வெச்சு மாட்டணும். யார் செய்றதுன்னு பெயரைப் பலகையில எழுதி வைக்கணும்.

2. பின் குழாயை வருஷத்துக்கு ரெண்டு முறை கழற்றிச் சுத்தம் பண்ணணும். தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு, தைப்பூச வேலையெல்லாம் முடிஞ்சு ஒண்ணு. மெஷினுக்குப் பின்னாடி அலமாரியை ஒட்டி வைக்கக் கூடாது.

3. எண்ணெய்த் துணிக்குத் தனிக் கூடை. சுடுதண்ணியில கூடுதல் சோப்பு போட்டு அலசிக் கொடியில காய வைக்கணும். எண்ணெய் வாடை இருந்தா டிரையருக்கு வேண்டாம், அந்தத் துணியை மாத்திடுங்க.

4. டிரையர் மட்டும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சுவர் சாக்கெட்டுல நேரடியா மாட்டணும். எக்ஸ்டென்ஷன்ல மாட்டி அதுலயே ரைஸ் குக்கரையும் போடக் கூடாது.

5. சூடு வரலேன்னா முதல்ல "கூல்" முறையில இருக்கான்னு பாருங்க, ஃபில்டரைப் பாருங்க, குழாயைப் பாருங்க. அதுக்கு மேல மூடியைத் திறக்கிறது வேலை தெரிஞ்சவங்க கையில விடுங்க. ஈஎல்சிபி அடிக்கடி விழுந்தா மெஷினைத் தொடவே வேண்டாம்.

6. பராமரிப்பு உபயம்னு ஒரு தனி ரசீதுப் புத்தகம் தொடங்கணும். 10 வெள்ளியும் போடலாம், 100 வெள்ளியும் போடலாம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு மாசா மாசம் அறிவிப்புப் பலகையில போடணும்.

புதுசு தரேன்னு சொன்ன அண்ணன்கிட்ட நேர்ல பேசினேன். "அப்படின்னா அந்தப் புத்தகத்துல முதல் ரசீது என் பேர்ல எழுதுங்க"ன்னு சொல்லிட்டார். நிர்வாகம் அனுமதி கொடுத்தா இந்த வெள்ளிக்கிழமையே தொடங்கிடலாம்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, குறைச்சுப் பேச மாட்டேன். ஃபில்டர் கழுவ, குழாய் சுத்தம் பண்ண இளைஞர்கள் ரெண்டு பேர் வேணும். வர முடிஞ்சவங்க சனிக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் பின்கட்டுக்கு வாங்க, பசியாற கோயில்லயே இருக்கும்.

அம்மன் துணை.