பச்சை விளக்கு பொய் சொல்லலாமா?

கம்ப்யூட்டரில் ரெயில் ஓட்டும் விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். 2001-ம் ஆண்டில் "மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர்" வந்தது. இன்று கைப்பேசியிலேயே என்ஜின் ஓட்டலாம்.

பையன் ஓட்டுகிறான். பச்சை விளக்கு எரிகிறது, போகிறான். சிவப்பு விளக்கு எரிகிறது, நிற்கிறான். சரி, அந்த சிக்னலே கெட்டுப்போனால்?

பல விளையாட்டுகளில் அது கெடுவதே இல்லை! "கெட வேண்டும். அப்போதுதான் நிஜம் போல இருக்கும்" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால், எப்படிக் கெட வேண்டும்?

"திடீரென்று பொய்யாகப் பச்சை காட்டட்டும். ரெயில்கள் மோதட்டும். அதுதான் விறுவிறுப்பு" என்பாரும் உண்டு. கூடாது! அது நிஜமும் அல்ல.

சந்தேகம் வந்தால் சிவப்பு

தண்டவாளத்தில் சிறிதளவு மின்சாரம் ஓடுகிறது. ரெயில் வந்தால் அதன் சக்கரங்கள் அந்த மின்சாரத்தை வழியிலேயே திருப்பி விடும். உடனே சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும் மின்சாரம் நிற்கும், சிவப்புதான். வயர் அறுந்தாலும் சிவப்புதான்.

விளக்கே எரியவில்லையா? அதையும் சிவப்பாகவே டிரைவர் எண்ண வேண்டும்.

கெட்டுப்போனாலும் காப்பாற்ற வேண்டும். இதுதான் ரெயில்வேயின் வேதம். ஆகவே, விளையாட்டிலும் சிக்னல் பெரும்பாலும் சிவப்பாகவே கெட வேண்டும். ஆட்டக்காரன் நிற்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்க வேண்டும். எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பிறகு ஊர்ந்து போக வேண்டும்.

"இதில் என்ன சுவை?" என்று கேட்காதீர்கள்.

சீட்டில் இல்லாத வேகம்

17-6-2024 அன்று மேற்கு வங்காளத்தில் ரங்கபாணி அருகே காலை முதல் தானியங்கி சிக்னல்கள் பழுது. சிவப்பைத் தாண்டிப் போக டிரைவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். முன்னால் நின்ற கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரெயில் மோதியது. பலர் மாண்டார்கள்.

விசாரணையில் என்ன தெரிந்தது? சீட்டில் வேகம் குறிப்பிடப்படவில்லை. இத்தகைய நேரத்தில் என்ன செய்வது என்ற பயிற்சியும் போதவில்லை.

பழுதான சிக்னலால் மட்டும் வந்த விபத்து அல்ல இது. பழுதுக்குப் பிறகு நடந்ததால் வந்தது. விளையாட்டு சொல்லித் தர வேண்டிய பாடம் இதுவே.

பச்சை ஏமாற்றிய நாள்

பொய்ப் பச்சை வந்ததே இல்லையா? வந்தது. 2-6-2023 அன்று ஒடிசாவில் பாகநாகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு நேர் வழிக்குப் பச்சை எரிந்தது. பாதையோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரெயில் நின்றது! 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சிக்னல் வயர்களை மாற்றி இணைத்ததில் நேர்ந்த தவறே காரணம் என்று ரெயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார்.

பச்சையை நம்பிய டிரைவர் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. அதை அவர் திறமைக்குச் சோதனையாக வைப்பது விளையாட்டும் அல்ல, நியாயமும் அல்ல.

வேண்டுமானால் ஆட்டக்காரனை சிக்னல் பழுது பார்ப்பவனாக்குங்கள். "வேலை முடிந்ததும் ஒவ்வொரு வயரையும் சோதித்தாயா?" என்று கேளுங்கள். பொய்ப் பச்சை பிறக்கும் இடம் அதுதான்.

முடியாத காரியமா? இங்கிலாந்து ரெயில்பாதைகளை வைத்து "சிம்சிக்" என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் ஆட்டக்காரர் சிக்னல்களை இயக்குபவர். பழுது வரும். சிவப்பில் நிற்கும் டிரைவர் டெலிபோனில் கூப்பிடுவார். பதில் சொல்லியாக வேண்டும்! அதையும் ஆசையோடு ஆடுகிறார்கள்.

பெற்றோரே, பிள்ளை ரெயில் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். "சிவப்பு மாறவே இல்லை, என்ன செய்வாய்?" என்று கேளுங்கள்.

"காத்திருப்பேன், கேட்பேன், மெல்லப் போவேன்" என்று அவன் சொன்னால், அவன் நல்ல டிரைவர்!