புரூஜ் நகரின் வெள்ளை வீடுகள்



கெவலார் அன்னையின் திருத்தலத்துக்குச் செல்லும் உங்களுட் சிலர், வழியில் பெல்ஜியத்தின் புரூஜ் நகரையும் பார்க்க எண்ணியிருப்பதாகக் கூறினீர்கள். நன்று. அந்நகரைக் கடலோடு இணைத்த ஸ்வின் நீர்வழி மணல் மேவித் தூர்ந்தபின், வணிகர் அன்ற்வேர்ப்புக்குப் பெயர்ந்தனர். இடித்துப் புதிதாய்க் கட்டும் வசதி ஊருக்கு இல்லாமற் போயிற்று. நாம் இன்று வியந்து படமெடுக்கும் அழகைக் காத்தது பெரும்பாலும் வறுமையே.

கால்வாயிற் படகேறுங்கள். அன்னை மரியா ஆலயத்தில் மிக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்குச் சிலையின் முன் சற்று அமர்ந்திருங்கள். ஆயினும், பாலம் கடந்து பெகைன்ஹொஃப் வளாகத்துக்குள் செல்லாமல் திரும்பிவிடாதீர்கள். உயர்ந்த மரங்களைச் சுற்றி வெண்சுண்ணம் பூசிய வீடுகள் நிற்கும் அமைதியான முற்றம் அது.

1245-இல் பிளாண்டர்ஸ் சீமாட்டி மார்கரெட் நிறுவிய அவ்வளாகத்தில் பெகீன்கள் என்னும் பெண்கள் வாழ்ந்தனர். அவர்கள் கன்னியர்மடத்துத் துறவியர் அல்லர். நிரந்தர வாக்குத்தத்தம் எடுக்கவில்லை; சொந்தச் சொத்தை வைத்திருந்தனர்; விரும்பினால் வெளியேறித் திருமணம் செய்யவும் தடையில்லை. கம்பளி வேலை செய்து தம் உணவைத் தாமே தேடினர், சேர்ந்து செபித்தனர், நோயுற்றோரைப் பேணினர். அவர்களைத் திருச்சபை எப்போதும் நன்றாக நடத்தியதென்று சொல்லமாட்டேன். பெகீன் எனப்பட்ட மார்கரெட் பொரெட் 1310-இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். உலகின் கடைசிப் பெகீன் 2013-இல் கோர்ட்ரைக் நகரில் இறந்தார். புரூஜ் வளாகத்தில் இப்போது ஆசீர்வாதப்பர் சபைச் சகோதரியர் வாழ்கின்றனர்.

இதனை ஏன் எழுதுகிறேன்? வோபர்னில், மார்க்கம் வீதியின் இருமருங்கிலும், எத்தனை அம்மாமார் பிள்ளைகளின் வீட்டு நிலக்கீழ் அறைகளில் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். போரிலே கணவரை இழந்தவர்கள், பேரப்பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள். பனிக்காலத்தில் ஞாயிறு திருப்பலிக்கு வருவதற்கும் ஒருவருடைய காரை எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் அன்பு இல்லையென்று நான் சொல்லவில்லை. பகல் முழுதும் பேச ஆளில்லை என்கிறேன்.

ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த வீடுகள். ஒவ்வொருவர் கையிலும் தத்தம் திறப்பு. மாலையில் ஒன்றாய்ச் செபமாலை. ஒருவருக்குக் காய்ச்சலென்றால் அடுத்த கதவில் கஞ்சி. இத்தகைய ஏற்பாடு நம்மால் இயலாததன்று. மண்டபங்களுக்கும் திருவிழாக்களுக்கும் பணம் திரட்டத் தெரிந்த சமூகம் நாம். “பிள்ளைகள் இருக்க அம்மா தனியே போவதா? சனம் என்ன கதைக்கும்?” என்று கேட்பீர்கள். அவ்வச்சம் பிள்ளைகளுடையது. அம்மாவின் விருப்பம் எதுவென்று எவரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, வரும் ஞாயிறு திருப்பலியின் பின் கீழ்மண்டபத்தில் அம்மாமாரை மட்டும் சந்திக்க விரும்புகிறேன். கூட்டிவரும் பிள்ளைகள் தயவுசெய்து வெளியே தேநீர் அருந்திக் காத்திருங்கள்.