நின்றுபோன வண்டி



ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையில் மாரீ, பேர்ட்ஸ்வில் என்னும் இரு சிற்றூர்களை இணைக்கும் மண்பாதை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது. 1963 டிசம்பரில், அங்கே கோடை கொளுத்தும் வேளையில், தாய், தந்தை, மூன்று புதல்வர் அடங்கிய குடும்பம் ஒன்று அவ்வழியே காரில் புறப்பட்டது. வழி தவறியது, பெட்ரோலும் தீர்ந்தது. வண்டியை விட்டு நடந்த அவ்வைவரும் தாகத்தால் மாண்டனர்.

'வண்டியை விட்டு அகலாதீர்' என்பதே இன்றும் அந்நாட்டுப் பயணிகளுக்குக் கூறப்படும் முதல் அறிவுரை. வண்டி நிழல் தரும்; வானிலிருந்து தேடுவோர் கண்ணுக்கு மனிதனைவிட எளிதில் புலப்படும். ஆயினும், காத்திருப்பவன் பிழைப்பது யாரேனும் வந்து நின்றால்தானே? ஆகவேதான், அத்தகைய பாதையில் நின்றுபோன வண்டியைக் கண்டவர் தாமும் நின்று நலம் விசாரிப்பது அங்கே வழக்கமாயிற்று.

உதவுவோர் முதலில் நோக்கவேண்டியது எஞ்சினையன்று, மனிதரை. எத்தனை பேர்? எவரேனும் நடந்து போய்விட்டனரா? குடிநீர் உண்டா? சோர்ந்தவரை நிழலில் அமர்த்தி, நீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தல் வேண்டும். பழுது தீராவிடில், தம் தண்ணீரைப் பகிர்ந்தளித்து, இடத்தைத் தூரக் கணக்குடன் குறித்துக்கொண்டு, அடுத்த ஊர்க் காவல் நிலையத்தில் அறிவித்தல் வேண்டும். அதுவரை கடமை தீர்ந்ததாகாது.

எரிகோ சாலையில் முன்சென்ற இருவரும் காயமுற்றவனைக் கண்டனர், ஆனால் நிற்கவில்லை. கண்டும் கடந்துபோன வேளைகள் நமக்கும் இல்லையா? இரக்கம் உள்ளத்தில் எழுந்தால் மட்டும் போதாது. கால் பிரேக்கை மிதிக்கவும் வேண்டும்.