தூக்கத்தை வித்து டவுன்லோடு எதுக்கு?

ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு டவுன்லோடு போடுறதைப் பெருமையா சொல்லிக்கிற மக்களே, கொஞ்சம் இப்படி வாங்க.

பிஎஸ்என்எல் டேட்டாஒன் 2005-ல வந்துச்சு. அதோட 500 ரூபா பிளான்ல ராத்திரி 2-லருந்து காலைல 8 வரை இலவசம்னு வச்சிருந்தாங்க. 2021-ல வோடஃபோன் ஐடியா 12-லருந்து 6 வரைன்னு குடுத்துச்சு. ஊரே தூங்குறப்ப லைன் காலியா கெடக்கும், அதைத்தான் தர்றாங்க. நாம தூங்கிடுவோம்ங்கிறதுதான் அவங்க கணக்கு! அதைத் தப்பாக்க நாம ஏன் முழிக்கணும்? மெஷின் முழிக்கட்டும்.

லினக்ஸ்ல கிரான் எதுக்குங்க இருக்கு? கிரான்டேப்ல "0 2 * * *" போட்டு, பக்கத்துல டபிள்யூகெட் கட்டளை. அதுல "-சி" சேர்த்தா, சர்வர் ஒத்துக்கிட்டா, விட்ட இடத்துலருந்து தொடரும். முன்னாடி டைம்அவுட் 6 மணி நேரம்னு குடுத்தா 8-க்குத் தானா நின்னுடும். நடுவுல கரண்ட் போனா மிச்சம் மறுநாள் ராத்திரி. மானிட்டரை மட்டும் அணைச்சிருங்க.

"கட்டளையெல்லாம் நமக்கு ஆகாது"ன்னு சொல்லாதீங்க. ஒரே ஒரு வரி சாமி!

ஸ்ரீரங்கத்துல பள்ளிகொண்ட பெருமாளே ராத்திரி நடை சாத்தினா, காலைல விஸ்வரூபத்துக்குத்தான் தரிசனம் தர்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் திருச்சியில உங்களுக்கு மட்டும் என்னய்யா அவசரம்? போய்ப் படுங்க.