மண்சரிவும் மாற்றுக் காணியும்

மலைநாட்டில் மண்சரிவினால் உயிர்கள் பலியாகும் ஒவ்வொரு முறையும் ஒரு பேச்சு எழுகின்றது. "எழும்பச் சொன்னோம், அவர்கள்தான் கேட்கவில்லை" என்பதே அது. யுத்த காலத்தில் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது பழகிய பேச்சு. "நேரத்தோடு ஏன் வெளிக்கிடவில்லை?" என்று கேட்டவர்களில் எத்தனை பேர், போவதற்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள்?

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை 7.30 மணியளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தபடியால் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. உடல்கூடக் கிடைக்காதோர் பலர். அந்த இடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அதன் பின்னரும் மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

ஏன் இருந்தார்கள் என்று பார்க்குமுன், மலை ஏன் சரிகின்றது என்பதைப் பார்ப்போம். வயலும் குளமும் தெரிந்தவர்களுக்கு இது விளங்காத விடயமன்று. மலையின் உள்ளே கற்பாறை. அதன் மேல் பல அடி ஆழத்துக்கு மண். மண் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதனாலேயே சரிவான நிலத்திலும் மண் நிற்கின்றது. மழை தொடர்ந்து பெய்யும்போது நீர் உள்ளே இறங்கிப் பாறைமேல் தேங்குகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது. உள்ளே நிறையும் நீரோ துணிக்கைகளைத் தள்ளி அவற்றின் பிடியைத் தளர்த்துகின்றது. குளக்கட்டு ஊறி உடைவதும் ஏறக்குறைய இதே மாதிரித்தான். கட்டின் கசிவு தெளிந்த நீராக வரும்வரை காவல் இருப்போம், கலங்கி வந்தால் ஊரையே கூப்பிடுவோம் அல்லவா? மலையிலும் அப்படியே. ஊற்று திடீரெனக் கலங்குவது, புதிய ஊற்றுக் கிளம்புவது, இருந்த ஊற்று நின்றுபோவது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்புக் காண்பது, மரமும் மின்கம்பமும் சாய்வது, கதவு இறுகிப் பூட்ட முடியாமல் போவது ஆகிய யாவும் நிலம் நகரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளங்கள்.

வெள்ளத்தில் கூரைமேல் ஏறித் தப்பியவர்கள் உண்டு. மண்சரிவில் அந்த வழியும் இல்லை. கல்லும் மரமும் கலந்த சேறு நீரைவிட ஏறக்குறைய இருமடங்கு பாரமானது. ஓடையின் வழியே அது இறங்கும்போது மனிதன் ஓடித் தப்புவது அரிது. மலையடியில் சமதரையாகத் தெரியும் இடமும் பல வேளைகளில் முன்னொரு காலத்தில் சரிந்து வந்து தங்கிய மண்ணேயாகும். வீடு கட்ட வசதியான இடம் என்று நாம் தேடுவது அதைத்தான்! கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்தபோது அடிவாரக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அவர்கள் தோட்டத்து மக்கள் அல்லர். சேறு ஆள் பார்ப்பதில்லை.

மழையை மட்டும் குற்றம் சொல்வது சரியன்று. வீட்டுக்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டுகின்றோம். வெட்டிய மண்ணைக் கீழே கொட்டுகின்றோம். மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பாத்தி போட்டு மரக்கறி பயிரிடுகின்றோம். முன்னர் தேயிலை மலைகளில் கான் வெட்டுவதும் துப்புரவாக்குவதும் தவறாமல் நடந்த வேலைகள். கான் தூர்ந்தால் மழைநீர் ஓடையைச் சேராமல் மலைக்குள்ளேயே இறங்கும். ஆட்குறைப்பினால் மிஞ்சும் பணம் கணக்குப் புத்தகத்தில் தெரியும். தூர்ந்த கான் தெரியாது.

இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்து எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால், உடனே வெளியேற வேண்டும். இது பயனுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தை வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் நாமும் ஓரளவு அறியலாம். ஏழரைச் சென்ரிமீற்றர் நின்றால் பிள்ளைகளை நித்திரைக்கு அனுப்பும் நேரமன்று. அறிவித்தல் தமிழில், இருட்டுமுன், லயம்வரை வரவேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால், ஓரிரவுக்குப் பாடசாலைக் கட்டடத்தில் தங்கலாம். ஒவ்வொரு மழைக்கும் தங்க முடியுமா? தோட்டக் காணி அரசினுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவரில் பெரும்பாலானோருக்குக் காம்பராவுக்கும் உறுதியில்லை, வாசலுக்கும் உறுதியில்லை. தோட்டத்தைவிட்டுப் போனால் வேலையும் போய்விடும் என்ற பயம் வேறு. மீரியபெத்தையில் உயிர் தப்பியோர் மாக்கல்தெனியவில் புதிய வீடு பெற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. உயிரிழப்பின் பின் கிடைத்த காணி எச்சரிக்கையின் பின் ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையோடு கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தபோதும் இதே கேள்வி இருந்தது.

ஆகவே, அபாய வலயம் என்று ஓர் இடத்துக்குப் பலகை நடும் அதிகாரி, அங்குள்ள குடும்பங்களுக்கு ஒதுக்கிய காணியின் வரைபடத்தையும் அதே நாளில் கையில் கொண்டுவர வேண்டும். குடிநீரும், பாடசாலைக்குப் பாதையும், நடந்து போகும் தூரத்தில் தொழிலும் அங்கு இருக்க வேண்டும். உறுதி குடும்பத்தின் பெயரில், கணவன் மனைவி இருவரின் பெயரிலும் எழுதப்பட வேண்டும். அடுத்த முறை பிரதேச செயலகத்திலிருந்து ஆள் வந்து "எழும்புங்கள்" என்றால், எழும்பி நின்று, "எந்தக் காணிக்கு?" என்று கேளுங்கள், மழை நாளாயின் முதலில் வெளியே வந்துவிட்டுக் கேளுங்கள்.