சுமந்தோர் வீரமும் வீரமே

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பீரங்கிகளும் போர்க்கப்பல்களுமே. அவற்றிற்கு உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் கொண்டு சேர்த்த சரக்குக் கப்பல்களை நினைப்பார் சிலரே. மார்பில் ஏற்ற விழுப்புண்ணை வீரத்தின் சான்றாகப் போற்றியது பழந்தமிழர் மரபு. அம்மரபைப் பயிலும் நாம், பகைவன் முகத்தையே காணாது மாண்ட தொழிலாளிக்கும் நடுகல் உரியதோ என வினவுதல் தகும். அவ்வினாவிற்கு விடை காண, 'செர்ப்பன்ஸ்' என்னும் அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பலின் வரலாறு துணைசெய்யும்.

'லிபர்ட்டி' வகையைச் சேர்ந்த இக்கப்பல் கலிபோர்னியாவில் கட்டப்பட்டு, 1943 ஏப்ரல் 5-ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. நீதிபதி பெஞ்சமின் கார்டோசோவின் பெயர் அதற்கு முதலில் இடப்பட்டிருந்தது. கடற்படையிற் சேர்ந்தபின் ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயரைப் பெற்றது. அதனைச் செலுத்தியோர் அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர். மணிக்கு ஏறத்தாழ 11 கடல் மைலே செல்லவல்ல அக்கலம், சாலமன் தீவுகளுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே சரக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒன்றரை ஆண்டிற்குமேல் உழைத்தது. 1944-இன் இறுதியில் நியூசிலாந்தில் அதன் சரக்கறைகளுள் மூன்று வெடிமருந்து வைப்பதற்கேற்ப மாற்றப்பட்டன.

1945 ஜனவரி 29 இரவு, குவாடல்கனால் தீவின் லுங்கா கரைக்கு அப்பால் அது நங்கூரமிட்டு நின்றது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தாக்குதற்குரிய ஆழ்நீர் வெடிகுண்டுகள் அதில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. திடீரெனக் கப்பல் வெடித்துச் சிதறியது. மாலுமிகள், சரக்கேற்ற வந்த தரைப்படையினர், மருத்துவர் ஒருவர் என 250 பேர் மாண்டனர். கப்பலில் இருந்தோருள் இருவரே பிழைத்தனர். கரைக்குச் சென்றிருந்த தலைவரும் வேறு எழுவரும் உயிர் தப்பினர். அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஒரே நிகழ்ச்சியில் இத்துணை உயிர்களை இழந்தது வேறெப்போதும் இல்லை.

முதலில் இது பகைவர் செயல் என்றே கருதப்பட்டது. ஆனால் 1949-இல் கடற்படை, இது பகைவரால் நேர்ந்ததன்று, வெடிபொருள் ஏற்றும் வேலையிலேயே அடங்கிய விபத்து என்று முடிவு கூறியது. அவ்வாண்டு ஜூன் 15-ஆம் நாள் மாண்டோரின் எச்சங்கள் ஆர்லிங்டன் தேசீயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 1950-இல் அவர்தம் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னமும் எழுந்தது.

"பகைவனால் மாளாதார் வீரராவரோ?" என்பார் உளர். நாசகாரிக் கப்பலொன்று கடலில் வீசும் ஒவ்வொரு குண்டும், அதற்குமுன் எத்தனை கைகளால் ஏற்றி இறக்கப்பட்டிருக்கும்! எதிரி வரும் திசையை நோக்கிக் காத்து நிற்போனுக்குக் கையில் ஆயுதமாவது உண்டு. தான் சுமக்கும் பொருளே தன்னைக் கொல்லக்கூடும் என்றறிந்தும் நாள்தோறும் அதனைச் சுமப்பவனுக்கு அத்துணையும் இல்லை. அவன் துணிவு எவ்வகையிற் குறைந்தது?

விபத்து என்ற உண்மையை ஒப்புக்கொள்ளுதல் மாண்டோர்க்கு இழுக்கன்று. பகைவன்மேற் பழியிட்டு அமைந்துவிடின், வேலைமுறையிலுள்ள குறையை ஆராய்வார் யார்? 1944 ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோவில் குண்டுகளை ஏற்றுகையில் நேர்ந்த வெடிப்பில் 320 பேர் இறந்தனர். அவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதன்பின் அவ்வேலைக்குத் திரும்ப மறுத்த 50 கறுப்பின மாலுமிகள் கலகக்காரர் எனத் தண்டிக்கப்பட்டனர். அவர்கள் குற்றமற்றவர் எனக் கடற்படை அறிவித்தது 2024-இல்தான். அதே 1944 நவம்பர் 10-இல் மானஸ் தீவருகே 'மவுண்ட் ஹூட்' என்னும் வெடிமருந்துக் கப்பலும் வெடித்தழிந்தது. ஏழு திங்களுக்குள் இம்மூன்றும் நிகழ்ந்தன என்பதை எண்ணுக. அச்சத்தைச் சொன்னவர்க்குச் சிறையும், சொல்லாது மாண்டவர்க்குக் கல்லும் அளிப்பது நீதியாகுமா?

ஆதலின், சுமந்து மாண்டோர்க்கு நடுகல் உரியதே என்பது எம் துணிபு. ஆனால் கல் நாட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. சுமப்பவன் உயிரோடிருக்கையில் அவன் முறையீட்டுக்குச் செவிசாய்த்தலே அவனுக்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.